ஐஸ்கட்டி உபதேசம்

“யாரும்மா அந்தத் தையல்காரம்மா? கொஞ்சம் எழுந்திருங்க, உங்க திருமுகத்தைப் பார்ப்போம்.”

சபையின் பின்னறையில் இருந்த இருபது பேரும் திரும்பினார்கள். பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்க ஆசைப்பட்டுப் பரீட்சை எழுதியவர்கள் அவர்கள். தேறினால்தான் வகுப்பு. கடைசி பெஞ்சிலிருந்து தையல்காரி எழுந்தாள். அவளுக்கு இது இரண்டாவது முயற்சி.

வேதபாட ஆசிரியருக்கு அன்றைக்கு நல்ல வேட்டை. திரித்துவத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று அவருக்குப் பேர். அந்தப் பேரை முதலில் கிளப்பிவிட்டவரும் அவர்தான்.

“நாலாம் கேள்வி என்ன? பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, மூவரும் ஒரே கடவுள். இதைப் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லுவீங்க? அம்மா என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? ஐஸ்கட்டி! ஐஸ், தண்ணி, நீராவி மூணும் ஒண்ணுதானாம். கடவுளைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜுல வச்சுட்டாங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த விடைத்தாள் தன்னுடையதாக இருக்குமோ என்ற பயம்.

“ஏம்மா, இயேசு ஞானஸ்நானம் எடுக்கறப்ப குமாரன் தண்ணியில நிக்கிறார், ஆவியானவர் புறா மாதிரி இறங்குறார், பிதா வானத்துலேருந்து பேசறார். மூணு பேரும் ஒரே நேரத்துல! உங்க ஐஸ்கட்டி உருகினப்புறமும் ஐஸ்கட்டியாவே இருக்குமா?”

“இருக்காதுங்க ஐயா.”

“அப்போ ஒருத்தரே மூணு வேஷம் கட்டுறார்னுல்ல ஆயிடும்? சபை அந்தக் காலத்துலேயே தள்ளி வச்ச கள்ள உபதேசம்மா இது! எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தான்?”

“சின்ன வயசுல ஒரு புத்தகத்துல படிச்சதுங்க ஐயா.”

“எழுதினவன் பேரைச் சொல்லுங்க. நார் நாராக் கிழிச்சுடறேன். அந்த மாதிரி ஆளுங்களைப் பிள்ளைங்க பக்கமே விடக் கூடாது.”

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள்.

“ஞாபகம் இல்லைங்க ஐயா.”

“ஞாபகம் இல்லையாம்!” நாலாம் கேள்விக்குப் பெரிய சுழியாகப் போட்டார். மொத்தத்தில் இரண்டு மார்க் குறைந்தது. ஃபெயில்.

எல்லாரும் போன பிறகும் அவள் நின்றாள். அழுது கெஞ்சப் போகிறாள் என்று நினைத்து, ஆசிரியர் ஆறுதலாக நாலு வார்த்தை தயார் செய்துகொண்டார்.

அவள் பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து, மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்கு எட்டு வயசுல நீங்க பரிசாக் கொடுத்ததுங்க ஐயா. வேற யார் கண்ணுலயாவது பட்டா உங்களுக்குத்தான் சங்கடம். நீங்களே வச்சுக்கோங்க.”

மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

புத்தகத்தைத் திருப்பினார். ‘பிள்ளைகளுக்குத் திரித்துவம்’. அட்டையில் தலை நிறைய முடியோடு அவருடைய படமே இருந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரு ஐஸ்கட்டி, கண் மூக்கெல்லாம் வைத்து, சிரித்துக்கொண்டிருந்தது.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. இல்லையென்று சொல்லக் கூடாது, முழுசாக ஐந்து நிமிஷம் தின்றது. பிறகு புத்தகத்தைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

அடுத்த வாரம் அதே இருபது பேரும் கூடியிருந்த பின்னறைக்குள் நுழைந்ததுமே அறிவித்தார்.

“நம்ம தையல்காரம்மா பாஸ்! கூட்டல்ல ஒரு சின்னப் பிசகு.”

அறையே கைதட்டியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “ரொம்ப நன்றிங்க ஐயா” என்றாள்.

ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இருந்தாலும் ஒண்ணு சொல்றேன்மா, தப்பா எடுத்துக்காதீங்க. யார்கிட்ட தப்பு இருந்தாலும் அந்த இடத்துலேயே, எல்லார் முன்னாலயும் பளிச்சுன்னு சொல்லிடணும். அந்தத் தைரியம் மட்டும்தான் உங்ககிட்ட இல்லை!”