மூன்று வார்த்தைகள்

மருந்து மூளையை என்ன செய்கிறது என்பதை இருபது வருடமாக ஆராய்கிறவர் டாக்டர் அஜிதா. இப்போது நாகர்கோவிலில் ஞாபகமறதிக்கான ஒரு மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை ஒவ்வொரு நோயாளியிடமும் பூ, படகு, குடை என்று மூன்று வார்த்தைகள் சொல்வார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பார்.

போன வாரம் எல்லோரும் நான்கு சொன்னார்கள். அசல் மாத்திரை சாப்பிட்டவர்களும் சொன்னார்கள், ஒப்பிடுவதற்காக வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களும் சொன்னார்கள். நான்காவது வார்த்தை, தங்கையன்.

முந்தைய சோதனையின் ஏழாவது வாரத்தில் செத்துப்போனவர் தங்கையன். மருந்தின் அளவைக் கூட்டியது அஜிதாதான். பதிவேட்டில் 'வருகையை நிறுத்திக்கொண்டார்' என்று எழுதியதும் அவர்தான்.

இன்று முதல் ஆளாகத் தோவாளையில் பூக் கட்டும் அன்னக்கிளி வந்தாள்.

"போன வாரம் தங்கையன்னு சொன்னீங்களே, அத நான் சொல்லல்லியே?"

"நீங்க மூணோட நிறுத்திட்டிய டாக்டரே. ஒங்க முதுகுக்குப் பொறத்த நிக்க அண்ணாச்சில்லா சொன்னாவ."

அஜிதா திரும்பினார். சுவரும் காலண்டரும்தான் இருந்தன.

"பூ," என்று ஆரம்பித்தார். அன்னக்கிளி சுண்டுவிரலை மடக்கினாள். "படகு." அடுத்த விரல். "குடை." அதற்கடுத்த விரல். அஜிதா வாயை இறுக மூடிக்கொண்டார்.

நான்காவது விரல் மடங்கியது.

அன்னக்கிளி இன்னும் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசையில் இருந்த டாக்டரின் பெயர்ப்பலகையை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலையும் மடக்கினாள்.