மூன்றாவது முகம்

பார்க்கிறவர்களின் முகத்தைப் படித்து டிவியே ஓட்டுப் போட்டுவிடும். அதனால் சிறந்த நடிகர் விருதுக்கான நேரம் வந்ததும் புஷ்பவல்லி மகளை எச்சரித்தாள். "தப்பித் தவறிக்கூட சிரிச்சுத் தொலைக்காதடி."

"அவனப் பாத்தா வாந்திதாம்மா வருது" என்றாள் யாழினி.

ஹீரோ ஆறாவது மாடியிலிருந்து குதிக்கும் காட்சியை ஓட்டினார்கள். உண்மையில் குதித்தவன் புஷ்பவல்லியின் புருஷன், டூப் ரங்கதுரை. வலை அறுந்து அங்கேயே செத்தான். ஹீரோ துக்கத்துக்குக்கூட வரவில்லை. இருவரும் திரையை எரித்துவிடுவதுபோல் முறைத்தார்கள்.

திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது. உங்கள் வீட்டில் மூன்று முகங்கள். எதிர்ப்பு இரண்டு, ஆதரவு ஒன்று.

"யாருடி சிரிச்சது?"

"சத்தியமா நான் இல்லம்மா. நாம ரெண்டு பேர்தான இருக்கோம்!"

புஷ்பவல்லி திரும்பினாள். டிவிக்கு நேர் எதிர்ச் சுவரில், மாலைக்குள்ளிருந்து ரங்கதுரை வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மேடையில் ஹீரோ விருதை முத்தமிட்டான். "வீட்லேர்ந்து என்னைப் பாத்து சிரிச்ச ஒவ்வொரு முகத்துக்கும் நன்றி!"

"செத்தும் அவனுக்கே உழைக்கிறியேய்யா" என்றபடி எழுந்துபோய், படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள்.