பதினேழாம் நம்பர் தாழ்ப்பாள்

வாசல் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே வந்த மகள், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எழுபத்தைந்து வயது அப்பா, ஸ்டூலில் உட்கார்ந்து அலமாரிக் கதவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். மூடினார். மடியில் ஒரு நோட்டு.

"அப்பா..."

"இரும்மா, எண்ணிக்கை விட்டுடும். நானூத்தி எண்பத்தாறு... நானூத்தி எண்பத்தேழு..."

ஐந்நூறு ஆன பிறகுதான் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்பினார்.

"என்னப்பா கூத்து இது?"

"டெஸ்ட்டிங். உங்க அண்ணி கம்பெனியில அலமாரிக்கு ஸ்பிரிங் தாழ்ப்பாள் டிசைன் பண்றா இல்ல? தள்ளினா தானா மாட்டிக்கணும், இழுத்தா விட்டுடணும், வருஷக்கணக்குல தேயவும் கூடாது. இது பதினேழாவது சாம்பிள். ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் தடவை."

"ரெண்டாயிரமா!"

வலது கட்டைவிரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். அவளுக்குச் சுருக்கென்றது. அண்ணன் போய் ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. அதற்குள் அப்பா இந்த வீட்டில் இந்த நிலைமைக்கு வந்துவிட்டாரா?

"கிளம்புங்கப்பா. என் வீட்டுக்குப் போலாம். நான் காலையில வேலைக்குப் போனா சாயங்காலம்தான் வருவேன். ஒரு தொந்தரவும் இல்ல, நீங்க பாட்டுக்கு நாள் பூரா படுத்திருக்கலாம்."

"நான் வந்துட்டா இதை யாரு பாக்கறது?" என்றபடி அப்பா அடுத்த ஐந்நூறுக்குக் கதவைப் பிடித்தார்.

அண்ணி ஐந்தரைக்கு வந்தாள். பால்கனியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனவளின் பின்னாலேயே மகளும் போனாள்.

"ஏன் அண்ணி, எங்கப்பா என்ன உங்க கம்பெனி மெஷினா?"

"மெதுவா பேசு. மாமா காதுல விழும்."

"விழட்டுமே! பெத்த பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன். விரல் தேயத் தேய வேலை வாங்கறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

அண்ணி பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

"உங்க அண்ணன் போனப்புறம் மாமா இருபது நாள் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார். ரெண்டு வாய் சாப்பிட வைக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடும். ஒரு நாள், உடைஞ்ச சாம்பிள் ஒண்ணை மேஜையில வச்சுக்கிட்டு நான் முழிச்சிட்டிருந்தேன். தானா எழுந்து வந்தார். முப்பது வருஷம் பட்டறையில ஸ்பிரிங் வளைச்ச கையாச்சே. 'இப்படி முனையா மடிச்சா மடிப்புலதாம்மா உடையும். வளைவை உருட்டி விடு. ஸ்க்ரூ, பிளாஸ்டிக் எதுவும் வேணாம், ஒரே தகடு போதும்'னார். அன்னிக்குத்தான் பசிக்குதுன்னு வாயைத் திறந்து கேட்டார்."

"சரி, அதுக்காக இன்னுமா?"

அண்ணி ஒரு சட்டையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"அவர் சொன்ன மாதிரியே செஞ்சு, ஏழாவது சாம்பிள் பாஸாயிடுச்சு. கடைக்கு வந்தே எட்டு மாசமாச்சு. எனக்கு இப்போ கம்பெனியில வேற வேலை. ஆனா டெஸ்ட் முடிஞ்சுதுன்னு சொன்னா, மாமா மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிடுவாரோன்னு பயம். அதான் அதே தாழ்ப்பாளை நம்பர் மாத்தி மாத்திக் கொண்டுவந்து மாட்டறேன்."

மகளும் கொடியில் மிச்சமிருந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தாழ்ப்பாள் பேச்சுதான்.

"பதினேழு எப்படி மாமா?"

"பதினாறை விட ஒரு நூல் இறுக்கம். மூடும்போது மட்டும் கொஞ்சம் முனகுது."

"முனகுதா? எத்தனையாவது தடவையிலேருந்து?"

அப்பா நோட்டைப் புரட்டினார். அண்ணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். இருவருக்கும் நடுவில் அண்ணனின் நாற்காலி அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் பேசினார்கள். நோட்டை மூடியதும் வீடு சட்டென்று ஓய்ந்துவிட்டது.

மறுநாள் காலை, மகளை பஸ் ஏற்றிவிட அப்பாவும் கூட நடந்தார்.

"அப்பா, நீங்க இங்கயே இருங்க. நான் தெரியாம ஏதோ பேசிட்டேன். அண்ணிக்கு உங்க உதவி ரொம்ப முக்கியம்."

தெருமுனை திரும்பியதும் அப்பா ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அந்தத் தாழ்ப்பாள் எப்பவோ கடைக்கு வந்துடுச்சும்மா. கீழ்வீட்டுச் சமையலறையில ஆறு கதவுலயும் அதுதான் மாட்டியிருக்கு."

மகள் நின்றுவிட்டாள்.

"எட்டுலேருந்து பதினேழு வரைக்கும் எல்லாம் ஒரே சாமான். கையில வாங்கினா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா தினம் உக்காந்து ரெண்டாயிரம் தடவை...?"

"என்னம்மா பண்றது? நோட்டுல எழுத ஒண்ணும் இல்லாத அன்னிக்கு, அவ வந்ததும் நேரா ரூமுக்குப் போய், விளக்கைக்கூடப் போடாம உக்காந்துடறா. பாவம், என்னை விட்டா பேசறதுக்கு அவளுக்கு யாரு இருக்கா?"