விசில் கயிறு

கண்ணாடி கீழே விழுந்தது.

அவள் விசில் ஊதவில்லை. ஊதக்கூடாது. பந்து எதிரணியின் கையில் இருக்கிறது, கூடையை நோக்கிப் போகிறது. ஒருவருடைய மூக்குக்கண்ணாடிக்காக இன்னொருவர் போடப்போகும் கூடையைக் கெடுக்க நடுவருக்கு உரிமை இல்லை. பந்து நிற்கும்வரை பொறுக்க வேண்டும்.

அந்த ஒருவர் அவளுடைய வீட்டுக்காரர்.

காலையிலேயே பார்த்தாள். கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் பிடித்திருக்கும் எலாஸ்டிக், நைந்து நூலாய்க் கிடந்தது. சொல்ல வாயெடுத்தாள். அடக்கிக்கொண்டாள். இந்த அணிக்குச் சொன்னால் அந்த அணிக்கும் போய்ச் சொல்ல வேண்டுமே.

இட்லியை மட்டும் எடுத்து வைத்துவிட்டு வந்தாள்.

மூத்தோர் கூடைப்பந்து, இறுதி ஆட்டம். நடுவராக அவளையே போடச் சொன்னது எதிரணிதான். கட்டின புருஷனுக்கே அதிகம் ஃபவுல் ஊதுகிறவள் என்று தூத்துக்குடி முழுக்கப் பெயர்.

தடதடவென்று பத்து ஜோடி ஷூக்கள். நடுவில் அந்தக் கண்ணாடி.

ஓடினாள். அதற்கு இருபுறமும் காலை ஊன்றி நின்றுகொண்டாள். ஆட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. நடுவரும் தரையின் ஒரு பகுதிதான் என்கிறது விதி.

தரைக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

பந்து கோட்டைத் தாண்டியது. அப்போதுதான் விசில்.

கண்ணாடி பிழைத்தது. எலாஸ்டிக் அறுந்துபோயிருந்தது. கட்டாத கண்ணாடியோடு ஆட விடமுடியாது. உடனே சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் வெளியே போக வேண்டும். அவர் அணியில் மாற்று ஆள் கிடையாது. பெஞ்சில் தண்ணீர் கேன்தான் உட்கார்ந்திருந்தது.

வருஷா வருஷம் இறுதிவரை வந்து தோற்கிற அணி அது. இன்றைக்குத்தான் ஒரு புள்ளி முன்னால் நிற்கிறது.

அவர் அவள் பக்கம் திரும்பினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு முகம் தெரியாது. சாம்பல் நிறச் சட்டை தெரியும், அவ்வளவுதான்.

"மேடம்," என்றார். ஆடுகளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

வழி அவள் கழுத்திலேயே தொங்கியது. ஆனால் அவளாக எடுத்துக் கொடுக்க முடியுமா?

எதிரணித் தலைவர் காஸ்பார் இடுப்பில் கைவைத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் இல்லாம ஜெயிச்சா எனக்கென்ன மரியாத. ஒங்க விசில் கயித்தக் குடுங்க மேடம்."

கழற்றினாள். வீட்டுக்காரர் முதுகைத் திருப்பிக் குனிந்தார். வியர்த்த பின்னந்தலையில், நரைக்கு மேல், கட்டினாள்.

"அப்படியே மூணு முடிச்சாப் போட்டுருங்கக்கா" என்றது கேலரியில் ஒரு குரல்.

கேலரியே சிரித்தது. நடுவர் சிரிக்கக்கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைசி நிமிடம். முன்னிலை இன்னும் அதே ஒரு புள்ளிதான்.

காஸ்பார் பந்தோடு எழும்பினார். தடுக்க அவள் வீட்டுக்காரர் எழும்பினார். அவர் விரல் பந்தில் படவில்லை. காஸ்பாரின் மணிக்கட்டில் பட்டது.

பந்து வளையத்தில் மோதி வெளியே வந்தது. அவர் விரல் பட்டதை யாரும் பார்க்கவில்லை.

அவள் பார்த்தாள்.

கயிறில்லாத விசில் உள்ளங்கையில் இருந்தது. வாய்வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் அது என்றைக்கும் போனதில்லை.

ஊதினாள்.

யார் செய்தது என்று அவள் காட்டுவதற்குள், அவரே கையைத் தூக்கியிருந்தார்.

இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் உள்ளே. கோப்பை காஸ்பாரோடு போயிற்று.

கூட்டம் கலைந்தபிறகு வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றாள். என்ன சொல்வாரோ. கையை மட்டும் நீட்டினாள்.

"கயிறு."

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முடிச்சு இறுகிட்டு. அவுக்க வரமாட்டேங்கு."

அவள் போட்டிருந்தது, நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு.

ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து வீடு போய்ச் சேரும்வரை, அந்த நுனி அவள் கண்முன்னால் ஆடிக்கொண்டே வந்தது.