குறுக்கே வந்தவர்

கடலோரக் குறும்பட விழாவில் சிறந்த படத்துக்கான கேடயத்தோடு மேடையிலிருந்து இறங்கினான் இளம் இயக்குநர். அரங்க வாசலில் அந்த அக்கா நின்றிருந்தார். முதல் நாளிலிருந்து அவன் படத்துக்கு மட்டும் தவறாமல் வந்தவர். அவனுக்கு வாய்த்த ஒரே ரசிகை.

"ஜெயிச்சிட்டோம்க்கா!"

"சந்தோஷம் தம்பி. ஆனா இன்னிக்கு அந்த பெஞ்ச் சீன்ல ஏதோ குறையுதே?"

"கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பார்ப்பீங்க போல! ஹீரோ அழுறப்ப பின்னாடி ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிட்டு வந்து, நேரா கேமராவைப் பார்ப்பாரு. மொத்த சீனும் பாழ். நடுவருங்க இன்னிக்குத்தான் பார்க்க வந்தாங்க. அதான் நேத்தே அந்த ஆளைத் தூக்கிட்டேன். இல்லேன்னா இந்தக் கேடயமே இல்ல."

அக்கா தலைகுனிந்தார்.

"அவரு என் வீட்டுக்காரர் தம்பி. போட்டோன்னாலே ஓடி ஒளிஞ்சிடுவாரு. போன மழைக்காலத்துல கடலுக்குப் போனவரு திரும்பல. வீட்டுல மாட்ட ஒரு படம்கூட இல்ல. உங்க படத்துல மட்டும்தான் இருந்தாரு."

அவன் பதறிப்போய் எடிட்டருக்குப் போன் போட்டான்.

"டேய், பழைய காப்பி இருக்கா?"

"ஏதுடா? விழாவுல தவறிப் பழசைப் போட்டுடுவாங்கன்னு, ஷூட் பண்ணது வரைக்கும் எல்லாத்தையும் நீதானே பக்கத்துல நின்னு அழிக்க வெச்சே?"

அக்காவுக்கும் அது கேட்டது.

"விடுங்க தம்பி. நல்லா சிரிச்ச முகமா இருந்தாருல்ல?"

"ஆமாக்கா" என்றான்.

அவனுக்குச் சைக்கிள் மட்டுமே ஞாபகம் இருந்தது.