கறுப்புப் பஞ்சு

"இன்னும் உசுரோட இருக்கா?"

பேராசிரியர் ஒரு கால் செருப்பை மாடிப்படியிலேயே விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். வாயெல்லாம் பல்லாக நின்றாள் அவருடைய ஆராய்ச்சி மாணவி. "கல்லு மாதிரி இருக்கு சார். கொஞ்சம்கூட தளரல."

இருவரும் குனிந்து பார்த்தது சட்டைப் பொத்தான் அளவே இருந்த ஒரு பேட்டரியை. ஆயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கியும், திரையில் அதன் கோடு இறங்குவேனா என்றது.

இதற்கு முன் அவள் செய்ததெல்லாம் நாலு நாள் தாங்காமல் மண்டையைப் போட்டவை. பிசினை உலையில் காற்றில்லாமல் கருக்கி, நானோ துளைகள் நிறைந்த கார்பன் பஞ்சாக்கி, அதைப் பொடித்து மின்முனையில் பூசுவதுதான் அவள் ஆராய்ச்சி. இதுவும் ஊற்றிக்கொண்டால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று சார் போன மாதமே சொல்லிவிட்டார்.

இந்த முறை என்ன மாயமோ, உலையிலிருந்து எடுத்தபோதே பஞ்சு என்றுமில்லாமல் நன்றாக உப்பி வந்திருந்தது.

"உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்மா," என்றார் சார். "திங்கக்கிழமை நிதி குடுக்கறவங்க வர்றாங்க. அவங்க கண்ணு முன்னாடி இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு காட்டிடு. பட்டம் உனக்குத்தான்."

"கண்ண மூடிக்கிட்டுச் செய்வேன் சார்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து மேசைக்காரனின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆய்வகமே சாப்பாட்டு ராமன் என்று கூப்பிடும் அந்தச் சக மாணவன் பேயறைந்தவன்போல் நின்றான்.

"உன்னால செய்ய முடியாது," என்றான்.

"பொறாமையா?"

அவன் தன் அலமாரி மூலையிலிருந்து மூடி போட்ட ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை எடுத்து வைத்தான். அவள் திறந்தாள். உள்ளே அவளுடைய பிசின், ஊற்றியது ஊற்றியபடி இருந்தது.

"அப்ப நான் கருக்கினது?"

"அன்னைக்கு உலை லேசா சூடா இருந்துச்சு. சாருக்குத் தெரியாம சுட வச்சுக்கலாம்னு உன் கிண்ணத்த எடுத்துட்டு, அதே மாதிரி கிண்ணத்துல போட்டு மூடி வச்சேன். கை கழுவிட்டு வர்றதுக்குள்ள, திறந்தா ஈரம் பட்டுடும்னு பாக்காமலே நீ சுவிட்சப் போட்டுட்ட." கிண்ணத்தைத் திரும்ப மூடினான். "அது என் மத்தியான பன்னு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் சாரைப் பார்த்தாள். சார் திரையைப் பார்த்தார். கோடு இம்மியும் இறங்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவன் தோளில் கை போட்டார்.

"எந்தக் கடை பன்னு?"