இனிப்பும் இல்லை, ரொட்டியும் இல்லை

"ஸ்வீட்பிரெட்னு போட்டிருக்கீங்க. ஸ்வீட்டும் இல்ல, பிரெட்டும் இல்ல. யாரை ஏமாத்தறீங்க? சமைச்சவங்களை வரச்சொல்லுங்க!"

மூன்றாம் மேஜைப் பெரியவர் போட்ட சத்தத்தில் ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. அந்த அயிட்டத்துக்கு இந்த வாரம் இது மூன்றாவது புகார். இன்னும் ஒரு புகார் வந்தால் சமையல்காரியை மாற்றிவிடுவதாக முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார்.

சர்வர் அடுப்படிக்கு ஓடினார். "ஒருத்தர் தட்டைத் தொடாமலே குதிக்கிறாரும்மா. எப்படியாவது மன்னிப்புக் கேட்டுச் சமாளிச்சிடுங்க."

சமையல்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெரியவரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு நிமிர்ந்து, "சொல்லுங்க சார்" என்றாள்.

"இது என்ன?"

"ஆட்டுக்குட்டியோட கழுத்துச் சுரப்பி சார். மெனுவுலயே கீழே எழுதியிருக்கேன்."

"அதுக்கு எதுக்கு ரொட்டின்னு பேரு?"

"பழைய இங்கிலீஷ்ல 'பிரேட்'னா சதை. அது பிரெட்டா மருவியிருக்கலாம்னு சொல்றாங்க. மத்த கறியைவிட லேசா இனிக்கறதால ஸ்வீட்."

"அடிச்சுச் சொல்ல முடியுமா?"

"முடியாது சார். நானூறு வருஷத்துக்கு மேல பழைய வார்த்தை. ஊகம்தான். ஆனா ருசி ஊகமில்ல. சாப்பிட்டுட்டுத் திட்டுங்க."

சர்வர் கண்ணை மூடிக்கொண்டார். இவளுக்கு வேலை போச்சு!

பெரியவர் ஒரு துண்டை வாயில் போட்டார். மெதுவாக மென்றார். இன்னொன்று. தட்டு காலியாகும்வரை அவர் தலை நிமிரவில்லை.

"கரண்டி பிடிக்கறவங்களுக்கு வார்த்தையோட வேரெல்லாம் எதுக்கு?"

"படிச்சதை விட்டுட்டு வரலை சார்." அவள் காலித் தட்டைக் கையிலெடுத்தாள். "கூடவேதான் கொண்டுவந்தேன்."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"நீ காலேஜை விட்டுட்டுச் சமைக்கப் போனதுக்காக நான் உன்கூடப் பேசாம இருந்தது போதும் பாப்பா. இன்னொரு தட்டு எடுத்து வை" என்றார். "உங்கம்மா வெளியே கார்ல இருக்கா. 'நாலு வருஷம் கழிச்சுப் பொண்ணைப் பாக்கப் போறீங்க, போனதும் திட்டாதீங்க'ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்பினா!"